பதினொரு மணி விக்கல்

ஆடி பிறந்து மூன்றாம் நாள் காலையிலிருந்து, நொச்சிவலசில் ஒருத்தர் பேரை இன்னொருத்தர் தன் போனில் பாஸ்வேர்டாக அடித்தால், பேருக்கு உரியவர் சோறு தின்றுகொண்டிருந்தாலும், கிணற்றில் முங்கிக்கொண்டிருந்தாலும், சண்டை போட்டுக்கொண்டிருந்தாலும், அவருக்கு விக்கல் எடுத்தது. பேருக்கு ஒரு பெரிய விக்கல், பேருக்குப் பின்னால் எத்தனை எண் போட்டிருக்கிறதோ அத்தனை குட்டி விக்கல். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. விக்கல் வந்தால் யாரோ நினைக்கிறார்கள் என்று பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த ஊர்தானே, இத்தனை நாள் யார் என்று தெரியவில்லை, இப்போது தெரிகிறது, அவ்வளவுதான் என்று டீக்கடையில் பேசி முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டார்கள்.

வேலுச்சாமி போனைத் திறக்கும்போதெல்லாம் அவன் வீட்டு வெள்ளாடு விக்கியது. அவன் பெண்டாட்டி இரண்டு நாள் பார்த்தாள், மூன்றாம் நாள் ஆட்டுக்கு முன்னால் அவனுக்கு இலையைப் போட்டு, இனிமேல் இங்கேயே சாப்பிடுங்கள் என்றாள். பாதி ஊர் ஆத்தா பேரை வைத்திருந்ததால் மாரியம்மன் கோயில் விளக்கு பகல் முழுக்கத் துள்ளித் துள்ளி எரிந்தது. "ஆத்தாளைச் சித்த மூச்சு விட விடுங்கப்பா" என்று பூசாரி வீடு வீடாகப் போய்க் கும்பிட்டார். செத்துப்போன மாராத்தாளின் படத்தில் மாலை குதித்தது, அதைப் பார்ப்பதற்காகவே அவள் வீட்டுக்காரர் பொன்னான் நாளைக்குப் பத்துத் தடவை போனை மூடித் திறந்தார். ஆடி பத்துக்குள் ஊர் இதற்குப் பழகிவிட்டது. யாராவது விக்கினால் பக்கத்தில் இருப்பவர்கள் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் எண்ணினார்கள்.

எண்ணத் தொடங்கியதும்தான் பெண்களுக்கு அந்த யோசனை வந்தது. முதலில் ஆரம்பித்தது தெய்வானையக்கா. "நீ என்னை நினைக்கறயா இல்லையான்னு உன்ற வாயால சொல்ல வேண்டாம், என்ற தொண்டை சொல்லட்டும்" என்று புருசன் கையில் போனைக் கொடுத்து, தன் பேரைப் பாஸ்வேர்டாக வைக்கச் சொல்லி நின்றாள். அடுத்த நாள் மோகனா, அதற்கடுத்த நாள் தெரு முழுக்க. சாயந்திரம் ஆறு மணிக்குத் தறி விட்டு ஆம்பளைகள் வந்து, கை கால் கழுவி, உட்கார்ந்து போனைத் திறப்பார்கள். இந்த வீட்டில் ஒரு விக்கல், அந்த வீட்டில் ஒரு விக்கல், கோடி வீட்டில் ஒரு விக்கல் என்று தெருவே விக்கி ஓயும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் மூன்று குட்டி விக்கல், ஏனென்றால் ஒன்று இரண்டு மூன்று தவிர வேறு எண் யாருக்கும் தோன்றவில்லை. பொண்டாட்டி பேர்தான் பாஸ்வேர்டு என்று ஊருக்கே தெரிந்தால் அது என்ன பூட்டு என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. பூட்டைப் பற்றியா யோசித்தார்கள், பாசத்தைப் பற்றியல்லவா யோசித்தார்கள்.

பூரணிக்கு மட்டும் சாயந்திரத்தில் விக்கல் வரவில்லை.

பூரணி கூச்சக்காரி. ஏழாவதோடு நின்றவள், கல்யாணமாகி இரண்டு வருசம், இடுப்பில் பத்து மாதப் பெண்குழந்தை. குழாயடியில் குடத்தை வைத்தால் நிறையும்வரை தண்ணீரைத்தான் பார்ப்பாள், யாருடைய முகத்தையும் பார்க்க மாட்டாள். அவள் வீட்டுக்காரன் ரத்தினம் தை மாதம் வரை பால் வண்டி ஓட்டினான், அதற்குப் பிறகுதான் தறிக்கு வந்தான். ஆடியில் தெருப் பெண்கள் எல்லாரும் கேட்டபோது இவளும் கதவுக்குப் பின்னால் நின்று மெல்லக் கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே அவள் பேரை அடித்து, பின்னால் பிள்ளை பிறந்த தேதியான பதினேழையும் போட்டான். ஒரு பெரிய விக்கல், இரண்டு குட்டி விக்கல். அன்றைக்கு ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை, அத்தனை சந்தோசம்.

அதோடு சரி. மறுநாளிலிருந்து அவன் போனில் கட்டைவிரலை வைப்பான், திறந்துகொள்ளும். மற்றத் தறிக்காரர்களுக்கு அன்றாடம் அறுந்த நூலை முடிபோட்டு முடிபோட்டு விரல் ரேகை தேய்ந்து, போன் அவர்களை யாரென்றே கேட்டது, அதனால் அடித்துத்தான் திறந்தார்கள். ரத்தினத்தின் ரேகை இன்னும் பால் வண்டிக்காரன் ரேகையாகவே இருந்தது. பூரணிக்கு இது தெரியும். ஆனாலும் தெரு முழுக்க விக்கும்போது தன் தொண்டை மட்டும் சும்மா இருந்தால் ஒரு மாதிரி இருக்கிறதே.

"என்ன பூரணி, உன்ற வீட்டுல எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்களாட்டம் அமைதியா கெடக்குது?" என்று மோகனா கேட்பாள். பூரணி குடத்தைப் பார்ப்பாள்.

ஆடி முடிகிற வாரத்தில்தான் அது வந்தது. காலையில் பதினொரு மணி. குழந்தைக்கு ராகிக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தவளுக்குத் தொண்டையில் ஒன்று குதித்தது. கரண்டி தெறித்தது, குழந்தை சிரித்தது. மறுநாளும் பதினொரு மணி. அதற்கு மறுநாளும். அந்த நேரத்தில் ரத்தினம் தறியில் இருப்பான், போன் கையில் இருக்காது. போன வருசம் ஒருத்தன் போனைப் பார்த்துக்கொண்டே நின்று தறி பெல்ட்டில் சட்டையை மாட்டிக்கொண்டதிலிருந்து, தறிக்கொட்டாய்க்குள் நுழையும்போதே எல்லாரும் போனை மேஸ்திரி நாகமாணிக்கத்தின் அறையில் இருக்கும் தகரப்பெட்டியில் வைத்துவிட வேண்டும். வரிசையாக, அவரவர் தறி எண்ணுக்கு. அப்படியென்றால் பதினொரு மணிக்குத் தன் பேரை அடிப்பது யார்? அவள் பதினொரு மணி ஆகும்போது வாயில் முந்தானையை வைத்துக்கொள்ளப் பழகினாள். அடுப்படிக்குள் போய், மிக்ஸியைப் போட்டுவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் விக்கினாள்.

ஒரு நாள் மின்சாரம் இல்லை, குழாயில் தண்ணீர் வந்த நேரம், பதினொரு மணி. குழாயடியில் வைத்தே வந்துவிட்டது. மோகனா பார்த்தாள். பார்த்ததை ராத்திரி புருசனிடம் சொன்னாள், அவன் காலையில் தறியில் சொன்னான், சாயந்திரம் ரத்தினம் கை கால் கழுவாமல் வந்து வாசலில் நின்றான்.

"பதினொரு மணிக்கு உன்ற பேரை அடிக்கறவன் யாரு புள்ள?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"உனக்குத்தான் விக்குது, உனக்குத் தெரியாதா?"

"சத்தியமாத் தெரியாதுங்க."

ஞாயிற்றுக்கிழமை அவன் எங்கும் போகவில்லை. காலையிலிருந்து கட்டிலில் உட்கார்ந்து அவள் தொண்டையையே பார்த்தான். பத்தரை, பத்தே முக்கால், பதினொன்று, பதினொன்றேகால். விக்கல் வரவில்லை. பூரணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ரத்தினம் எழுந்து துண்டை உதறினான்.

"நான் வீட்டுல இருந்தா அவன் அடிக்கறதில்லையாக்கும்" என்றான்.

வந்தாலும் குற்றம், வராவிட்டாலும் குற்றம். "வர்ற வெள்ளிக்கெழம மாரியாத்தா கோயிலுக்கு வா. உள்ளங்கையில கற்பூரம் ஏத்தி சத்தியம் பண்ணு. இல்லாட்டி உங்க அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிக்க" என்று சொல்லிவிட்டு அன்றிலிருந்து அவன் அவள் கையால் சாப்பிடவில்லை, கடையில் தின்றான். வெள்ளிக்கிழமை பூசை பதினொரு மணிக்கு என்பது அவளுக்குத் தெரியும். கற்பூரம் எரியும்போது, ஆத்தா முன்னால், ஊர் பார்க்க விக்கினால்?

தறிக்கொட்டாயிலும் அந்த மாதம் நிலவரம் சரியில்லை. போனில் தறிக்காரர்களுக்கென்று ஒரு குரூப் இருந்தது, அதற்குள் முதலாளி கிடையாது, மேஸ்திரி கிடையாது. தண்ணீர்த் தொட்டியைக் கழுவி ஒரு வருசமாச்சு என்று அதில் எழுதிய பழனாத்தாளை மறுநாளே வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். தீபாவளி போனஸை எல்லாரும் சேர்ந்து கேட்போம் என்று எழுதிய இரண்டு பேரும் அப்படியே போனார்கள். உள்ளே இருந்து யாரோ காட்டிக்கொடுக்கிறான் என்று ஆம்பளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே பாயில் சீட்டாடியவர்கள் தனித்தனியாக டீ குடித்தார்கள். புதிதாக வந்தவன் ரத்தினம்தானே என்றுகூட ஒருத்தன் சொன்னான். வெளியில் அவனைச் சந்தேகப்பட்டார்கள், அவன் வீட்டுக்கு வந்து அவளைச் சந்தேகப்பட்டான்.

புதன்கிழமை பதினொரு மணிக்குப் பூரணி மிக்ஸியைப் போடவில்லை. ஓடி ஒளிந்தது போதும், இது என்னதான் என்று பார்த்துவிடுவோம் என்று குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு, கதவைச் சாத்தி, நடுவீட்டில் உட்கார்ந்து காத்திருந்தாள். வந்தது. பெரியது ஒன்று. அப்புறம் குட்டி, அப்புறம் இன்னொரு குட்டி. மூன்றாவதுக்குக் காத்திருந்தாள், வரவில்லை. ஒரு பெரியது, இரண்டு குட்டி. ஊரில் எல்லாருக்கும் மூன்று குட்டி, தனக்கு இரண்டு. பதினேழு. அது வேறு எவனுடைய பாஸ்வேர்டும் இல்லை, தன் வீட்டுக்காரனுடையது. அவன் போனைத்தான் எவனோ திறக்கிறான், ரத்தினத்தின் விரல் இல்லாததால் அடித்துத் திறக்கிறான்.

சொல்லலாம் என்றால் ரத்தினம் முகம் கொடுக்கவில்லை. "எதுனாலும் வெள்ளிக்கெழம கோயில்ல சொல்லு" என்று போய்விட்டான்.

வியாழக்கிழமை பத்தே முக்காலுக்குக் குழாயடியில் பத்துக் குடம் இருந்தது. பூரணி குழந்தையோடு வந்து, குடம் இல்லாமல் வந்து நின்றாள், அதைப் பார்த்தே எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவளுக்குக் காது மடல் சுட்டது. தண்ணீரைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டாள்.

"உங்களுக்கெல்லாம் பதினொரு மணிக்கு வருமாங்க்கா?"

குடம் நிறைந்து வழிந்தது, யாரும் நகர்த்தவில்லை.

"எங்களுக்கெதுக்கு வருது? எங்களுக்கெல்லாம் சாயந்திரந்தான், அவிங்கவிங்க புருசன் வந்தாத்தான்" என்றாள் மோகனா.

"எனக்கு வருது" என்றாள் தெய்வானையக்கா. சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பதினொண்ணு அடிச்சு அஞ்சு நிமிசத்துல. பத்து நாளா வருது. நாப்பத்தஞ்சு வயசுல எவன்டா என்னை நினைக்கறான்னு வெக்கக்கேடா இருந்துச்சு, மாட்டுக்கொட்டகைக்குள்ள போயி நின்னுக்குவேன்."

"நான் பாத்ரூம்ல பைப்பைத் தொறந்து விட்டுக்குவேன்" என்றாள் இன்னொருத்தி.

"நான் துணி தப்பற கல்லுல ஓங்கி ஓங்கி அடிப்பேன்" என்றாள் வேறொருத்தி. எல்லாரும் மோகனாவைப் பார்த்தார்கள். மோகனா வழிகிற குடத்தை இப்போதுதான் பார்த்ததுபோல் நகர்த்தினாள். "பதினொண்ணேகாலுக்கு" என்றாள். "அதுக்கென்ன இப்ப?"

பூரணி மண்ணில் குச்சியால் கோடு போட்டாள். அவளுக்குப் பதினொன்று, தெய்வானையக்காவுக்குப் பதினொன்று ஐந்து, அடுத்தவளுக்குப் பத்து, மோகனாவுக்குப் பதினைந்து. ரத்தினத்துக்கு முதல் தறி, தெய்வானையக்கா வீட்டுக்காரருக்கு இரண்டாவது, மோகனா புருசனுக்கு நாலாவது. தகரப்பெட்டியில் போன் எப்படி அடுக்கியிருக்கிறதோ அப்படியே விக்கல் வரிசையாக நடந்து வந்திருந்தது. ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும் என்று நினைத்து, பயந்து, ஒளித்து, ஒளித்ததாலேயே ஒருத்தனுக்கு வசதி பண்ணிக்கொடுத்திருந்தாள்.

"பேரு எப்படித் தெரியும் அவனுக்கு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இன்சூரன்சு பாரத்துல எல்லாத்து பொண்டாட்டி பேரும், புள்ளைக பொறந்த தேதியும் எழுதினது யாருங்க்கா?" என்றாள் பூரணி. "மேஸ்திரிதானுங்க. என்ற கையெழுத்தைக்கூட அவருதான் காட்டிக் காட்டி வாங்கினாரு."

யாரும் கிளம்பலாம் என்று சொல்லவில்லை, ஆனால் எல்லாரும் நடந்தார்கள். ஆறு பெண்கள், ஒரு குழந்தை, தறிச்சத்தம் அதிரும் மண் ரோட்டில். கொட்டாய் வாசலுக்குப் போகும்போது பூரணிக்கு வந்தது. ஒரு பெரியது, இரண்டு குட்டி. அவள் முந்தானையை வாயில் வைக்கவில்லை. மேஸ்திரி அறையின் ஜன்னல் திறந்துதான் இருந்தது, அந்தச் சத்தத்தில் யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம். நாகமாணிக்கம் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரு போனைப் படித்துக்கொண்டிருந்தார், பேப்பர் படிக்கிற நிதானத்தோடு. அந்தப் போனின் பின்பக்கம் பால் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, ரத்தினம் ஒட்டியது.

தெய்வானையக்கா கல்யாணத்துக்கு முன்னால் அதே கொட்டாயில் நூல் சுற்றியவள். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். நேராகப் போய் இழுத்துவிட்டாள்.

முப்பத்தாறு தறியும் ஒரே மூச்சில் நின்றது. அந்த ஊரில் பகலில் அப்படி ஒரு அமைதியை யாரும் கேட்டதில்லை. ஆம்பளைகள் பஞ்சு படிந்த தலையோடு எட்டிப் பார்த்தார்கள். ரத்தினம் வந்தான்.

"இங்க எதுக்குடி வந்த?"

பூரணி ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். தறி ஓடாததால் குரல் கடைசித் தறிவரை கேட்டது.

"என்ற பேரை இன்னொருக்கா அடிங்க பாக்கலாம்."

"என்ன அம்மிணி இது?" என்றார் மேஸ்திரி. போன் பாதி மேசைக்குக் கீழே போயிருந்தது. "பஞ்சுத் தூசு படிஞ்சு கெடக்குதேன்னு தொடச்சு வெச்சேன்."

"தூசு தொடச்சா விக்கல் வருமுங்களா?"

யாரோ ஒருத்தன் சிரித்தான், அப்புறம் நிறையப் பேர். ரத்தினம் சிரிக்கவில்லை. அவன் ஜன்னல் வழியாகக் கையை விட்டுத் தன் போனை வாங்கினான். குரூப் திறந்துகிடந்தது. நேற்று சாயந்திரம் ஒருத்தன் எழுதிய வரிவரை மேலே தள்ளிப் படித்திருந்தது தெரிந்தது. அவன் அதைப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்தான், அவன் அடுத்தவனிடம், போன் கொட்டாய் முழுக்கக் கை மாறியது. இத்தனை நாளாக ஒருத்தரை ஒருத்தர் காட்டிக்கொடுத்தவன் என்று பார்த்தவர்கள், இப்போது யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் போனையே பார்த்தார்கள்.

மேஸ்திரி தானாகச் செய்ததுதான், எனக்கு ஒன்றும் தெரியாது என்று முதலாளி சொன்னார். அதை நம்பினவர்கள் நொச்சிவலசில் இல்லை. ஆனாலும் போன மூன்று பேரும் திங்கட்கிழமை தறிக்குத் திரும்பினார்கள், மேஸ்திரி திரும்பவில்லை. தகரப்பெட்டி கோழி அடைக்கப் போனது. பெண்கள் துணிப்பை தைத்துக் கொடுத்தார்கள், அவரவர் தறிக்கு நேராக, அவரவர் கண்ணுக்கு முன்னால் போன் தொங்கியது.

மேஸ்திரி பிடிபட்ட மறுநாள் வெள்ளிக்கிழமை. ரத்தினம் கோயிலைப் பற்றிப் பேசவில்லை. காலையில் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படி நிலையில் வந்து உட்கார்ந்தான். பூரணி இரண்டு தோசை வைத்தாள்.

"மேஸ்திரின்னு எனக்கெப்படித் தெரியும் புள்ள?" என்றான்.

"என்னைத் தெரியுமில்லீங்களா?" என்றாள். அவன் மூன்றாவது தோசை கேட்கவில்லை.

அந்த வாரம் ஊரே பாஸ்வேர்டை மாற்றியது. மனுசர் பேர் இல்லை, சாமி பேர் இல்லை, ஆடு மாடு பேர் இல்லை, பிறந்த தேதி இல்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாததையெல்லாம் சேர்த்துக் கட்டினார்கள், எந்தப் பாரத்திலும் எழுதியிராததை, நினைத்தால் தங்களுக்கே சிரிப்பு வருவதை. விக்கல் நின்றது. கோயில் விளக்கு அசையாமல் எரிந்தது, வெள்ளாடு நிம்மதியாக அசை போட்டது. சாயந்திரம் ஆறு மணிக்குத் தெரு அமைதியாக இருந்தது, முதல் சில நாள் அந்த அமைதியில் பெண்கள் தொண்டையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பொன்னான் மட்டும் மாற்றவில்லை. இதற்குள் திருட என்ன இருக்கிறது என்றார். மாராத்தாள் படத்தின் மாலை தினமும் பத்துத் தடவை குதித்தது. அவர் பாஸ்வேர்டு ஊருக்கே தெரியும், ஒருத்தரும் அந்தப் போனைத் தொட்டதில்லை.

பூரணியிடம் கீறல் விழுந்த பழைய போன் ஒன்று இருந்தது, பூட்டே இல்லாமல். அவளும் முதல் தடவையாக ஒன்றைப் போட்டாள், எழுத்துக் கூட்டிக் கூட்டி. ரத்தினம் பக்கத்தில் உட்கார்ந்து தன் தொண்டைக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தான். ஒன்றும் வரவில்லை.

"யாரு பேரு வெச்ச?"

"யாரு பேரும் இல்லீங்க."

"எங்கிட்டச் சொல்லலாமில்ல?"

"உங்களுக்குன்னு ஒண்ணு போட்டீங்கல்ல, அதை நான் கேட்டனா?" என்றாள். அவன் நம்பாமல் அவளைப் பார்த்தான். அவள் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்தாள்.

புரட்டாசிக்குள் ரத்தினத்தின் ரேகையும் தேய்ந்துவிட்டது. ஒரு சாயந்திரம் கட்டைவிரலை வைத்தான், திறக்கவில்லை. வேட்டியில் துடைத்து வைத்தான், திறக்கவில்லை. மூன்றாம் தடவைக்குப் பிறகு அடிக்கச் சொல்லிக் கேட்டது. அவன் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு அடித்தான். பூரணி தொண்டையில் ஒன்றும் குதிக்கவில்லை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அக்கம்பக்கத்து வீட்டுக்கும் காது கொடுத்தாள். தெருவில் எந்தப் பெண்ணும் விக்கவில்லை.

தூளிக்குள்தான் சத்தம் வந்தது. சின்னதாக, பால் வாசனையோடு, ஒரு விக்கல். குழந்தைக்கு ரேசன் கார்டில் ஒரு பேர், ஆஸ்பத்திரிச் சீட்டில் அதே பேர், ஆனால் வீட்டுக்குள் சில்லு. சில்லு என்பது அவர்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த பேர் என்று அவன் நினைத்திருக்கிறான்.

பூரணி குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டு முதுகைத் தட்டினாள். அப்புறம் வாசலுக்கு வெளியே யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்து கதவைச் சாத்தினாள்.

"மாத்துங்க" என்றாள்.

"புள்ள பேருதானே பூரணி. வெளியில யாருக்குத் தெரியும்?"

"நான் குழாயடியில இவளைக் கூப்புடறேன். மோகனா கேக்கறா. மாத்துங்க, இப்பவே."

அவன் மாற்றினான். அவள் குழந்தையோடு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். நொச்சிவலசில் இன்றைக்கும் ஒருத்தர் போனை எடுத்தால் வீட்டில் இருக்கிற மற்றவர்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்கள், வெளியூர்க்காரர்கள் பார்த்துவிட்டு இந்த ஊரில் எல்லாருக்கும் எல்லார் மேலும் கோபம் என்று சொல்லிக்கொண்டு போவார்கள். அது கோபம் இல்லை. அவள் சுவரைப் பார்த்தபடி காதை மட்டும் தீட்டி வைத்துக்கொண்டு நின்றாள். எழுத்து எழுத்தாக அவன் அடிப்பது கேட்டது. தோளில் குழந்தை விக்கவில்லை. அவளுக்கு விக்கவில்லை. தெருவும் விக்கவில்லை.

"ஆச்சு" என்றான் ரத்தினம்.

"இன்னொருக்கா அடிங்க" என்றாள் பூரணி, திரும்பாமல்.